மாமியா வீட்டுக்குப் போனவன்

"மாமியா வீட்டுக்குப் போயிருக்கான்" என்றாள் புஷ்பவள்ளி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் நாகநாதனுக்குத் தை கடைசியில்தான் கல்யாணம். நாட்டரசன்கோட்டையில் பெண். விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையுமாகப் போயிருந்தார்கள்.

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற காலேஜ் பியூன் மலையாண்டி சிரிக்கவில்லை. "என்னைக்குப் போனாரு?" என்றான்.

"திங்கக்கெழம. நல்லாக் கவனிச்சுட்டுத்தான் அனுப்புவாக."

அவன் தெருவை இருபக்கமும் பார்த்தான். "இதச் சத்தமாச் சொல்லாதீக" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைத் தொடாமல் சைக்கிளில் ஏறினான். கண்பட்டுவிடும் என்று சொல்கிறான்போல, நல்ல மனுசன் என்று நினைத்தாள் புஷ்பவள்ளி.

எமர்ஜென்சியில் மெட்ராஸ் ஆட்சியைக் கலைத்த சமயம் அது. காரைக்குடியிலும் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலேஜ் சுவரில் யாரோ போஸ்டர் ஒட்ட, போலீஸ் வந்து சில பையன்களை வேனில் ஏற்றிப் போயிற்று. யார் யார் என்று காலேஜுக்குச் சொல்லவில்லை. காலேஜ் முதல்வர் வகுப்பு வகுப்பாகப் பழைய விதியை வாசிக்கச் சொன்னார். கைதான மாணவன் தானே வந்து முதல்வரிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பெயர் நீக்கப்படும், பரீட்சை எழுத முடியாது. வராத பையன்களின் வீடுகளுக்கு மலையாண்டியை அனுப்பினார். நாகநாதன் கேலிக்குப் பயந்து கல்யாணத்தைக் காலேஜில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

விரலில் மருதாணிச் சிவப்போடும் காலில் மாமனார் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்போடும் திரும்பியவனை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் கைதாகவில்லை சார் என்றான். கைதாகாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கைதானவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாராம் அவர்.

அவள் சொன்னதை மலையாண்டி போய் முதல்வரிடம் சொல்லியிருப்பதை மகன் விளக்கியதும் புஷ்பவள்ளி முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் ஊர் அரியக்குடியில் ஜெயிலுக்குப் போனவனை மாமியா வீட்டுக்குப் போயிருக்கான் என்றுதான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தகப்பன் இல்லாத பிள்ளை, கடைசி வருஷம். அவளே போய் முதல்வர் முன்னால் நின்றாள். சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவருவதாகச் சொன்னாள்.

"சொந்தக்காரங்க அப்படித்தான் சொல்வாங்கம்மா" என்றார் அவர். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "ஸ்டேஷன்ல இருந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. புடிக்கலன்னு அவங்க சொன்னாப் போதும்."

நாகநாதனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஸ்டேஷன் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். கல்யாண வீட்டுப் பழக்கம் காலில் இன்னும் இருந்தது. ஏட்டு முழுக்கக் கேட்டார். அவசரமே படவில்லை.

"உன்னயப் புடிக்கலன்னு நாங்க சொல்லணும்."

"ஆமாங்கய்யா."

"ஊர்ல இத்தன பேரு இருக்கான். எவனும் வந்து என்னயப் புடிக்கலன்னு சொல்லுங்கன்னு கேக்கலையே. புடிக்கிற மாதிரி நீ என்ன செஞ்ச?"

நாகநாதன் அம்மாவைப் பார்த்தான். விருந்து, மாமியார் வீடு என்று புஷ்பவள்ளி தொடங்கினாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் உள்ளே யாரோ ஒரு கான்ஸ்டபிள் சத்தமாகச் சிரித்தான். ஏட்டு சிரிக்கவில்லை. மலையாண்டி தெருவைப் பார்த்த மாதிரியே அவரும் வாசலை இருபக்கமும் பார்த்தார்.

"இங்குட்டு வந்து உக்காருப்பா. அய்யா வரட்டும். நீங்க வெளிய இருங்கம்மா."

அவள் எதிர்ச் சுவரோரம் நின்றாள். அய்யா ஜீப்பில் வந்தார், உள்ளே போனார். வெகுநேரம் கழித்துக் கதவைச் சாத்தினார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பிய ரஹீமா, பக்கத்துத் தெருக்காரி, பையை இறக்கிவைத்துவிட்டு விசாரித்தாள்.

"என்னக்கா இங்க நிக்கிறீக? புது மாப்பிள்ள எங்குட்டு?"

"மாமியா..." என்று தொடங்கிய புஷ்பவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படிக்குக் கீழே புதுச் செருப்பு இரண்டும் வெயிலில் கிடந்தன. உள்ளேயிருந்து வந்த கான்ஸ்டபிள் வழியில் கிடக்கிறதே என்று அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. அதன் அடியில் இன்னும் மண்கூடச் சரியாக ஒட்டியிருக்கவில்லை.