அமுக்கி வைத்த டிப்பு

“அந்த நீலச் சட்டைய உள்ள வைங்க” என்றாள் வீட்டம்மா.

கொழுந்தன் அப்போதுதான் அதன் பொத்தான்களை எல்லாம் கழற்றி, அண்ணனின் விறைத்த கையை அதற்குள் எப்படி நுழைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணனுக்குப் புடிச்ச சட்டை அண்ணி. ஞாயித்துக்கிழமையானா இதத்தானே போடுவாரு.”

“தெரியும். வெள்ளையப் போடுங்க.”

“வெள்ளைல காலர்கிட்ட கறை இருக்கே.”

“இருக்கட்டும். படுத்திருக்கிறவர் காலர யாரு திருப்பிப் பாக்கப் போறா?”

கொழுந்தன் நீலச் சட்டையை மடித்து வைத்தான். சாவு வீட்டில் பெண்கள் சொல்வதற்குக் காரணம் கேட்கக் கூடாது என்பது அவன் கட்சி. ஆனால் காரணம் இருந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பஞ்சுக்கை என்கிற வாடிக்கைக்காரி வாசலில் நின்றபடி, “மாஸ்டர், நீலம் உங்களுக்கு எடுப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடந்த சட்டை, அன்றிலிருந்து வாரா வாரம் துவைக்க வந்தது. அதைக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவள் வீட்டம்மா. கொண்டுவந்து கொடுத்த அன்று, “இவ்ளோ பளிச்சுனு எனக்கெதுக்கு?” என்று சொன்ன மனுஷர்தான் அவர்.

அவர் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களின் கியூவுக்கு டிப்பு ஒட்டுகிறவர். கியூ என்றால் பந்தை அடிக்கிற அந்த நீளக் கழி. அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல் துண்டு இருக்கும். பந்தில் படுவது அது மட்டும்தான். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சிறிய கடைசல் லேத் ஒன்று, மேசையோரம் திருகி மாட்டிய வைஸ் என்கிற இரும்பு இடுக்கி ஒன்று, உப்புத்தாள், பிளேடு, பசை. இத்தனையையும் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குடும்பத்தை ஓட்டிவிட்டார். கிளப்பில் அவருக்கு டிப்பு மாஸ்டர் என்று பெயர், அவளுக்கு மாஸ்டர் வீட்டம்மா. பஞ்சுக்கையும் கிளப்பில் வைத்த பெயர்தான். அவள் அடித்தால் பந்துக்கே வலிக்காது என்பார்கள். அலமாரி நிறையக் கோப்பை வாங்கியவள்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். இன்று கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். கிளப்புக்காரர்கள் காலையிலிருந்து வந்து போகிறார்கள். வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் வீட்டம்மா அழுகையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். பஞ்சுக்கை வராமல் இருக்கமாட்டாள். இன்றைக்கு ஒரு நாளாவது இந்த மனுஷர் முழுசாகத் தனக்கு மட்டும் கிடைக்கட்டும் என்று வீட்டம்மாவின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஊர் வாயில் விழும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. நடந்திருந்தாலாவது சண்டை போட்டு ஆற்றியிருக்கலாம். அவர்கள் இரண்டு பேரும் பேசினதெல்லாம் தோலைப் பற்றித்தான். அதுதான் வீட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

பஞ்சுக்கை மெத்தென்ற அடுக்கு டிப்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். மெல்லிய பன்றித்தோலை எட்டுப் பத்து அடுக்காக ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிச் செய்தது அது. நீலச் சாக்கட்டியைத் தடவினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அடித்தால் பந்து ஒரு கண நேரம் அதில் ஒட்டியிருந்துவிட்டுத்தான் போகும். அந்த ஒரு கணத்தில் பந்தைப் பின்னால் இழுக்கலாம், பக்கத்தில் திருப்பலாம், போன இடத்திலேயே நிற்க வைக்கலாம். கெட்டி டிப்பு டக்கென்று சொல்லும், இது தொப்பென்று சொல்லும். ஆனால் மெத்தென்று இருக்கிறது எதுவும் நீடிப்பதில்லை. தினமும் ஆடினால் நாலு வாரத்தில் ஓரம் பிதுங்கும். பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, எச்சில் தொட்டுப் பக்கவாட்டை மெருகேற்றினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். சீவச் சீவ உயரம் குறையும், அடிவாங்கி அடிவாங்கி இறுகியும் போகும். ஒருநாள் பந்தைப் பிடிக்காமல் வழுக்கும். மொத்தத்தில் ரெண்டு மாசம்.

ஆக, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பஞ்சுக்கை வந்து நிற்பாள். புது டிப்பை ஒட்டி முடித்ததும் மாஸ்டர் அதைச் சுண்டுவிரல் நகத்தால் தட்டுவார், காதருகே வைத்து இன்னொரு தடவை தட்டுவார், பிறகுதான் கையில் கொடுப்பார். “ரெண்டு மாசத்துல பாக்கலாம்” என்பார். அவள் சிரித்துக்கொண்டே போவாள். நடுவில் டீ வேறு. இந்த மனுஷருக்கு டீ போடத் தெரியும் என்பதே பஞ்சுக்கை வர ஆரம்பித்த பிறகுதான் வீட்டம்மாவுக்குத் தெரிந்தது. அதுவும் இஞ்சி தட்டிப் போட்டு!

“கெட்டி டிப்பு ஒண்ணு ஒட்டி அனுப்பினா என்ன? ஒரு வருஷம் உழைக்குமே” என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

“அவ கைக்கு அது ஆகாது” என்றார் அவர். அவ்வளவுதான். அவள் கைக்கு எது ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெடித்துப்போன இன்னொரு கையும் அதே வீட்டில்தான் இருந்தது.

போன வருஷம் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. முதலில் டீத் தம்ளர் ஆடியது. பிறகு பிளேடு ஆடியது. ஒரு கியூவில் டிப்பு கோணலாக உட்கார்ந்து, ஆள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் அவர் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, “இங்க வா, இதக் கொஞ்சம் புடி” என்றார். பிடித்தாள். அடுத்த வாரம் சீவினாள். அதற்கடுத்த மாசம் எல்லாமே அவள்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “போதும், போதும், இன்னும் சீவாத” என்று சொல்லிக்கொண்டிருப்பார். முடிந்ததும் கதவைத் திறந்து, தானே செய்த மாதிரி எடுத்துக் கொடுப்பார். வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. சொல்லப்போனால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டம்மா ரொம்பச் சந்தோஷமாக இருந்தது அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான்.

அப்போதுதான் பஞ்சுக்கையின் கியூ வந்தது.

கிளப்பிலிருந்து மொத்தமாக வரும் வாடகைக் கியூக்களுக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. டிப்பை ஒட்டுவதற்கு முன்னால் வைஸில் வைத்து நன்றாக அமுக்கிவிடுவார்கள். அடுக்கெல்லாம் இறுகிப்போகும், பிறகு லேசில் பிதுங்காது. போகிறவன் வருகிறவன் எல்லாம் எடுத்து ஆடுகிற கழிக்கு என்ன நயம் வேண்டிக் கிடக்கிறது, உழைத்தால் போதும். அவர் மாத்திரை போட்டுத் தூங்கின மத்தியானம், வீட்டம்மா பஞ்சுக்கைக்கென்று எடுத்து வைத்திருந்த டிப்பை வைஸின் வாயில் வைத்தாள். முறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று முறுக்கினாள். மறுநாள் எடுத்து, பளபளப்புத் தெரியாமல் மேலே உப்புத்தாள் ஓட்டி ஒட்டினாள். போடி, இனி எப்படி வருகிறாய் என்று பார்க்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பஞ்சுக்கை வரவில்லை. ரெண்டு மாசம் போனது, நாலு மாசம் போனது. வாசலில் வண்டி நின்றால் அவர் தலையைத் தூக்குவார். “யாரு?” என்பார். “தண்ணி கேன்” என்பாள் வீட்டம்மா. தலை இறங்கிவிடும். ஒருநாளும் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டம்மாவுக்கு வயிறெரிந்திருக்கும். கேட்காததில் இன்னும் கூடுதலாக எரிந்தது.

இப்போது கொழுந்தன் வெள்ளைச் சட்டையை ஒருவழியாகப் போட்டு முடித்து, பெட்டியை மூடினான். வீட்டம்மா மேசை மேல் சிதறிக் கிடந்ததை ஒதுக்கிவைக்கப் பட்டறைக்குப் போனாள். பஞ்சுக்கை அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கூடத்துக்குள் போகாமல், கியூப் பையைத் தோளில் மாட்டியபடி லேத் பக்கத்தில் நின்றாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைப் பார்த்ததும் வீட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் கண்ணும் அவ்வளவு வீங்கியிருக்குமா என்று ஒரு நொடி யோசித்தாள்.

“உள்ள போய்ப் பாக்கறதுதானே?” என்றாள். வா என்று மட்டும் சொல்லவில்லை.

“போறேங்கா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உங்ககிட்டதான் கேக்க முடியும்.” பஞ்சுக்கை பையைத் திறந்து கியூவை வெளியே எடுத்தாள். “மாஸ்டருக்கு எம்மேல என்ன கோவம்?”

“கோவமா?”

“கடைசியாப் போட்ட டிப்பு இதுதான். மொத அடியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கிளப் கியூவுக்குப் போடற மாதிரி அமுக்கிப் போட்டிருந்தாரு. பந்து பிடிக்கவே இல்ல. எனக்கு இந்த மாதிரி அவரு போட்டதே கெடையாதுக்கா. அன்னிக்குப் பூரா அழுதேன். இனிமே நீயும் மத்தவங்க மாதிரிதான், அடிக்கடி வந்து நிக்காதன்னு சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் வரல. கை பழகற வரைக்கும் தோத்துத் தோத்து இதுலயே ஆடினேன். பாருங்க, எட்டு மாசமாச்சு, இன்னும் பிதுங்கல.”

வீட்டம்மா நுனியைப் பார்த்தாள். ஓரம் கத்தியால் வெட்டினது போல நேராக இருந்தது. நல்ல வேலை. மனசு தன்னையறியாமல் அப்படித்தான் சொன்னது.

ஆமாம், கோபம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பஞ்சுக்கை அதை ஆயுசுக்கும் சுமந்துகொண்டு திரிவாள். இத்தனை வருஷம் வெந்து சாம்பலானவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. வராததற்குக் காரணம் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் கோபித்துக்கொண்டதெல்லாம் வீட்டம்மாவிடம்தான். சாம்பாரில் உப்பு, வராத கரண்டு, தொலைந்துபோன கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அவள்தான். அந்தக் கோபத்திலும் இவளுக்குப் பங்கா?

“அவரு போடல” என்றாள். “நான் போட்டது.”

பஞ்சுக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

“கை நடுக்கம் வந்ததுல இருந்து எல்லாம் நான்தான். அவரு பக்கத்துல உக்காந்து சொல்லுவாரு.”

“மாஸ்டர் மெஷினத் தொட விட்டாரா?” பஞ்சுக்கை லேத்தைத் திரும்பிப் பார்த்தாள். “நான் எத்தன வருஷமாக் கெஞ்சியிருக்கேன் தெரியுமா? ஓரம் மட்டும் நானே சீவிக்கறேன், சொல்லிக் குடுங்கன்னு. பிளேடக்கூடக் கையில குடுக்கமாட்டாரு.”

அவள் கண் வீட்டம்மாவின் விரல்களுக்கு இறங்கியது. பசை காய்ந்து உரிந்த கட்டைவிரல், பிளேடு கீறின ஆள்காட்டி விரல். அவற்றை அவள் பார்த்த பார்வை வீட்டம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. வருஷக்கணக்காகத் தானே அப்படிப் பார்த்தவள் அல்லவா! நியாயமாக அவளுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் குளிரவும் செய்தது.

“அப்போ அமுக்கச் சொன்னது அவரா?”

“இல்ல. அவருக்குத் தெரியாது. அவரு தூங்கறப்ப நானாத்தான் வைஸ்ல வெச்சேன்.”

எதற்கு என்று பஞ்சுக்கை கேட்கவில்லை. டிப்பு நீடித்தால் யார் வரவேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாததா? கியூவின் நுனியைக் கட்டைவிரலால் தடவினாள்.

“அவருக்குத் தெரியாதுன்னா சொல்றீங்க?” என்றாள் மெதுவாக.

“தெரியாது.”

“தட்டிப் பாத்துட்டுத்தான்க்கா குடுத்தாரு. எப்பவும் போல நகத்தால தட்டினாரு. மறுபடி காதுகிட்ட வெச்சுத் தட்டினாரு. அப்புறம் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாரு. நீங்க அப்போ உள்ள இருந்தீங்க, பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கமே பாத்துட்டிருந்தாரு. எப்பவும் ரெண்டு மாசத்துல பாக்கலாம்னு சொல்றவரு, அன்னிக்கு அது சொல்லல. ‘நல்லா உழைக்கும், எடுத்துட்டுப் போ’ன்னாரு.”

வீட்டம்மா வைஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தட்டில் தோலின் வயசைச் சொல்கிற காது அது. தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டுதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு ஒரு சொல் கேட்கவில்லை, ஒரு முறைப்பு முறைக்கவில்லை. மறுநாளும் கதவைச் சாத்திவிட்டு, “வா, இதப் புடி” என்றுதான் கூப்பிட்டார். பிறகு எட்டு மாசம், வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினார்.

“அண்ணி!” என்று கூடத்திலிருந்து கொழுந்தன் கூப்பிட்டான். “வண்டி வந்துடுச்சு. கடைசியா ஒருதரம் பாக்கறவங்க பாத்துடலாம்.”

வீட்டம்மா கூடத்துக்குப் போனாள். சனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தலைமாட்டில் போய், கண்ணாடிக்கு மேலாகக் குனிந்து நின்றாள். பஞ்சுக்கை பட்டறை வாசல்படியைத் தாண்டாமல், கியூவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் கிளப்புக்காரர்களின் முதுகுகள் மறைத்தன.

ஆட்கள் பெட்டியின் மூலைகளைப் பிடித்தார்கள்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் வீட்டம்மா.

தலைமாட்டை விடாமல், சுவர்ப் பக்கமாக ஓரடி தள்ளி நின்றாள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. யாருக்காக என்று புரியாமல் கொழுந்தன் அந்த இடத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான்.