ஏசுதாஸ் நின்ற ஏழு இடங்கள்

1951 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மைசூர் டவுன் ஹாலில் நகர சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரி நடந்தது. கிளாரினெட் தனி வாசிப்பு எஸ். எலியேசர். குழுவை நடத்தியவர் கிருஷ்ணராஜ்.

எலியேசர் பதினோரு வருடம் இரண்டாம் கிளாரினெட் நாற்காலியில் இருந்தவர். முதல் நாற்காலி ஏசுதாஸுடையது. முந்தின நவம்பரில், நாற்பத்து நான்காம் வயதில், ஏசுதாஸ் காசநோயில் இறந்துபோனார். அதுவரை ஒரு சங்கத்தின் கையில் இருந்த குழுவை ஏப்ரலில் அரசு ஏற்பதாக இருந்தது. முதல் கிளாரினெட் இடம் ஒன்றுதான். அதற்கு எலியேசர் பெயரும், பெங்களூர் ராணுவ பேண்டில் வாசித்த ஒருவர் பெயரும் போயிருந்தன. பெங்களூர்க்காரரின் வாசிப்பை ஏற்கெனவே கேட்டாயிற்று. எலியேசரின் வாசிப்பைக் கேட்க ஒரு அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது.

ஒத்திகை செவ்வாய்க்கிழமை தொடங்கியது. கிருஷ்ணராஜ் குழுவுக்குப் புதியவர். பெங்களூரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எடுத்துக்கொண்டது வியன்னாக்காரர் ஒருவர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எழுதியது. அதன் இரண்டாம் பகுதி மெதுவானது. கிளாரினெட் முன்னே போகும், வயலின்கள் தணிந்த குரலில் கூடவே வரும். எலியேசருக்கு நல்ல மூச்சுப் பலம். மூன்றாம் வரியின் முடிவை அவர் நிற்காமல் கடந்தார். குழு நின்றது. நாற்பது பேரும் ஒன்றாக ஒரு கணம் நின்று, ஒன்றாகத் தொடர்ந்தார்கள்.

கிருஷ்ணராஜ் கோலால் மேசையைத் தட்டினார். "ஏன் நின்னீங்க?"

மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாம் வரியில் நின்றார்கள். ஐந்தாம் வரியில் நின்றார்கள். கடைசி வரை போய்ப் பார்த்ததில் ஏழு இடங்கள்.

"யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

பின்னால், பெரிய பாஸ் வயலினுக்கு மேலே கெம்பையனின் தலை தெரிந்தது. கொள்ளேகால்காரர். "எங்கூரு பஸ்ஸாட்டம் ஆயிப்போச்சுங்க சார். ஆளு ஏறாட்டியும் ஸ்டாப்புல நின்னு நின்னு பழகிப்போச்சுங்க."

சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது.

"என்ன ஸ்டாப்பு?"

"ஏசுதாஸ் அண்ணன் மூச்சு வாங்கற எடமுங்க."

"அவர் போய் நாலு மாசம் ஆச்சில்ல?"

"ஆச்சுங்க."

நடந்தது இதுதான். 1948இலேயே ஏசுதாஸுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வியாதி தெரிந்தால் வேலை போய்விடும். வருடாவருடம் வாசித்த இதே இரண்டாம் பகுதியின் நீண்ட வரிகளில் அவர் திணறியபோது குழு ஒரு கணம் தாமதித்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அப்போதிருந்த நடத்துநரும் கவனிக்காதவர் போல் கோலை மேலேயே நிறுத்திவைத்தார். ஒரு இடம் இரண்டாயிற்று. கடைசி வருடத்தில் ஏழு. கேட்க வந்தவர்கள் அதை ஏசுதாஸின் பாணி என்று நினைத்தார்கள். ஒரு பத்திரிகை அந்த நிறுத்தங்களைத் தனியாகப் பாராட்டி எழுதியது.

கிருஷ்ணராஜ் எல்லோருடைய இசைத் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். எதிலும் ஒரு குறி இல்லை. கிளாரினெட் தாளில் மட்டும் ஏசுதாஸ் பென்சிலால் போட்ட ஏழு சிலுவைக் குறிகள் முன்பு இருந்தன. அவற்றை எலியேசர் டிசம்பரிலேயே ரப்பரால் அழித்திருந்தார். தாளை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிந்தது.

"உங்க தாள்ல இருந்ததை அழிச்சிட்டீங்க. இவங்க எங்கேயுமே எழுதலையே, நான் எதை அழிக்கறது?" என்றார் கிருஷ்ணராஜ். பிறகு எலியேசரைத் தனியே கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை நின்னா, யார் தப்புன்னு அந்த அதிகாரி கேப்பார். உங்க தப்புன்னா நாற்காலி உங்களுக்கு இல்லை. குழு தப்புன்னா, ஒழுங்கில்லாத குழுன்னு பாதிப் பேரைக் குறைச்சுடுவாங்க. நிக்காம பாத்துக்கறது எல்லாருக்கும் நல்லது."

புதன்கிழமை ஏசுதாஸின் மனைவி மெட்டில்டா எலியேசரை வரச்சொல்லி அனுப்பினார். மண்டி மொஹல்லாவில், சாக்குக் கடைக்கு மேலே வீடு. மெட்டில்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவருக்கு என்ன வியாதி என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே அறிந்தவர்.

"கெம்பையன் வந்து சொன்னான். இன்னும் நிக்கிறாங்களாமே?"

"நாலு நாள்ல சரியாயிடும் அக்கா."

"நாலு மாசத்துல ஆகாதது நாலு நாள்ல ஆயிடுமா?" ஸ்டவ்வைப் பற்றவைத்தார். "வார்டுல எத்தனையோ பேரைப் பாத்துட்டேன் எலியேசர். ஒருத்தருக்கு ஒரு சாவுதான். நீங்க என் வீட்டுக்காரரை ஒவ்வொரு ஒத்திகையிலும் மூச்சுக்குத் தவிக்க வைக்கிறீங்க."

"நான் நிக்கலையே அக்கா."

"நீயும் நிக்காத, அவங்களையும் நிக்க விடாத. முப்பதாம் நாள் பூசை வச்சாச்சு, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. ஆய்த்து, எல்லாம் முடிஞ்சாச்சு. அவரைப் போக விடுங்கப்பா."

எலியேசர் தலையாட்டினார். காப்பி கொதிக்கையில், தன்னை அறியாமல் இரண்டாம் பகுதியை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார். மெட்டில்டா டம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரியின் முடிவில் அவர் கை நின்றது. காப்பி பாத்திரத்தின் விளிம்பிலேயே ஒரு கணம் நின்று, பிறகு விழுந்தது.

எலியேசர் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சும்னே, பேசாம குடி, ஆறிடும்" என்றார்.

வியாழனும் வெள்ளியும் கிருஷ்ணராஜ் அந்த ஒரு பகுதியையே வாசிக்க வைத்தார். முதலில் கிளாரினெட் இல்லாமல், அப்போதும் நின்றார்கள். பிறகு தாளம் தட்டும் கருவியை மேசைமேல் வைத்து, அதன் சத்தத்தோடு. வெள்ளி மாலைக்குள் ஏழு இடம் இரண்டாகக் குறைந்தது. சனிக்கிழமை ஒன்றும் இல்லை. மூன்று முறை வாசித்தார்கள், மூன்று முறையும் நிற்கவில்லை. கிருஷ்ணராஜ் எல்லோருக்கும் நன்றி சொல்லி அரை மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவைத்தார்.

வெளியே கெம்பையன் பீடி பற்றவைத்தார். அவருக்குச் சந்தோஷம் இல்லை.

"உங்களுக்கு ஏதாச்சும் தோணுச்சுங்களா?"

"என்ன?"

"நாம வேகமாப் போறாப்பலயும், நம்ம பின்னாடி ஒருத்தரு ஓடியாறாப்பலயும் இருக்குதுங்க."

தனக்கும் வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்று எலியேசர் சொல்லவில்லை. "பீடியைக் கொறைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஞாயிறு மாலை அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. வழக்கமாக வருகிறவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், சில வெள்ளைக்காரக் குடும்பங்கள். மூன்றாம் வரிசையில் அதிகாரி. கடைசி வரிசையில், டியூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு வந்த மெட்டில்டா.

முதல் பகுதி நன்றாக வந்தது. இரண்டாம் பகுதியில் மூன்றாம் வரியைக் கடந்தார்கள். ஐந்தாம் வரியையும் கடந்தார்கள். வயலின்காரர்கள் கிருஷ்ணராஜின் கோலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு இடங்கள் போயின.

ஏழாவது இடம் கிட்டத்தட்ட முடிவில் வருகிறது. கிளாரினெட் மேலே ஏறி, ஒரு சுரத்தில் தங்கி, இறங்கவேண்டும். எலியேசர் ஏறினார். அந்தச் சுரத்தில் தங்கினார். மூச்சு தாராளமாக மிச்சம் இருந்தது. அப்போது ஒரு மூச்சு உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. குறுகலான, ஈரமான மூச்சு. முடிவில் மெல்லிய விசில். ஏசுதாஸின் கடைசி இரண்டு வருடங்களில் தன் இடது தோளுக்குப் பக்கத்தில் அவர் கேட்ட சத்தம்.

அடுத்த தாளத்துக்குக் கோல் கீழே இறங்கியது. யாரும் வாசிக்கவில்லை. எலியேசரின் ஒற்றைச் சுரம் மட்டும் அரங்கில் நின்றது. இறங்கினால் குழு பின்தங்கிப்போகும் என்பதால் அவர் இறங்காமல் அதிலேயே நின்றார். ஒரு மூச்சு வாங்கும் நேரம் கழித்து நாற்பது பேரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள்.

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

மேடைக்குப் பின்னால் கெம்பையன் வேர்த்துப்போய் நின்றார். "நீங்க மூச்சு வாங்குனீங்கன்னு நின்னேனுங்க."

"நான் வாங்கல. வாசிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"காதுல கேட்டுதுங்களே!"

"எனக்கும் கேட்டுது" என்றார் முதல் வயலின்காரர். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு அதிகாரி வந்தார், பின்னால் கிருஷ்ணராஜ். அதிகாரி கைகுலுக்கினார். வாசிப்பு பிரமாதம் என்றார். பிறகு, "ரெண்டாம் பகுதியில ஒரு இடத்துல குழு வரலையே. அவங்க தப்பா, உங்க தப்பா?" என்று கேட்டார்.

எலியேசர் கிருஷ்ணராஜைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தப்பு சார். எழுதினதைவிட நீட்டிட்டேன். அவங்க எனக்காக நின்னாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அதிகாரி ஒரு சின்ன நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனார். கெம்பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எலியேசர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

வெளிப்படிகளில் மெட்டில்டா ஜட்கா வண்டிக்காகக் காத்திருந்தார்.

"கடைசியில நின்னது யாரு எலியேசர்?"

"நான்தான் அக்கா. சுரத்தை நீட்டிட்டேன்."

"நர்ஸுகிட்ட சொல்றியா? அந்த மூச்சு எனக்கும் கேட்டுச்சு."

ஜட்கா வந்தது. மெட்டில்டா ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துக்கொண்டார்.

மார்ச் 22ஆம் தேதி நியமனப் பட்டியல் வந்தது. குழுவில் யாரையும் குறைக்கவில்லை. முதல் கிளாரினெட் இடத்துக்குப் பெங்களூர்க்காரர் நியமிக்கப்பட்டிருந்தார். எலியேசர் பெயர் இரண்டாம் கிளாரினெட்டுக்கு நேரே இருந்தது.