காகம் பிடுங்கிய கன்றுகள்

யோகம்மாவின் மிளகாய்த் தோட்டத்தில் கன்று நட்ட மறுநாளே காகங்கள் இறங்கிவிட்டன. கன்றைக் கவ்வி இழுத்து, வேரோடு பிடுங்கி, அந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயின. இலையில் ஒரு கடி இல்லை. தின்றிருந்தால் பசிக்குத் தின்றது என்று மனம் ஆறியிருக்கும். வேலிக்கு அப்பால் இரஞ்சிதத்தின் தோட்டத்தில் ஒரு கன்றையும் தொடவில்லை. சரவணை ஊரில் இத்தனை தோட்டம் இருக்க, இவள் தோட்டம் மட்டும் ஏன்?

ஊருக்குக் காரணம் சொல்லவா தெரியாது! யோகம்மாவின் புருஷன் தியாகலிங்கம் தெற்கே கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் கடையைக் கொளுத்தினார்கள். பின்கதவால் ஓடினவரைப் பிறகு கண்டவர் இல்லை. அகதியாய்க் கப்பலில் வந்து இறங்கிய சனத்திலும் அவர் இல்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. அதனால் யோகம்மா தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். அதுதான் குற்றம் என்றது ஊர்.

"ஒருக்காப் போய் ஆஸ்பத்திரியளிலை பாத்திட்டு வாங்கோ, அத்தான்" என்று புருஷனின் தமையன் ஏரம்புவிடம் நடையாய் நடந்தாள். அவருக்குப் போகப் பயம். பயம் என்று சொல்ல வெட்கம்.

புரட்டாசிச் சனிக்கு விரதமிருந்து காகத்துக்குச் சோறு வைத்தாள். வேலியில் இருந்த காகங்கள் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே தோட்டத்தில் இறங்கிக் கன்றைப் பிடுங்கின.

"உமக்கு இன்னும் விளங்கேல்லையோ?" என்றாள் இரஞ்சிதம். "அவர்தான் வந்து நிக்கிறார். செய்யவேண்டியதைச் செய்யாமல் வைக்கிற சோறு அவருக்கு எப்பிடி இறங்கும்?"

ஏரம்பு அதைப் பிடித்துக்கொண்டார். தேடிப் போகாமல் இருக்க இதைவிட நல்ல சாட்டு அவருக்கு எங்கே கிடைக்கும்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? யோகம்மா தனித்து நின்று பார்த்தாள். ஆனால் பட்டினி கிடப்பது உண்மையிலேயே அவர்தானோ என்ற எண்ணம் ஒருமுறை வந்த பிறகு அவளால் தாங்க முடியவில்லை. சம்மதித்தாள்.

உடல் கிடைக்காத சாவுக்குத் தர்ப்பையால் ஆள் கட்டி எரிப்பது வழக்கம். ஏரம்பு கட்டினார், எரித்தார், சாம்பலைக் கடலில் கரைத்தார். யோகம்மாவின் தாலிக்கொடியைக் கழற்றி வெள்ளைச் சேலை உடுத்திவிட்டார்கள். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று வைத்த படையலைக் காகங்கள் அடித்துப்பிடித்துத் தின்றன. தோட்டப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

"பாத்தீரே?" என்றார் ஏரம்பு.

துடக்கு, தீட்டு என்று கிடக்கும் வீட்டில் யார் தண்ணீர் இறைப்பது? தோட்டம் காய்ந்து கிடந்தது. மிஞ்சின கன்றாவது பிழைக்கட்டும் என்று யோகம்மா மறுபடி இறைத்தாள். விடிந்ததும் காகங்கள் வந்துவிட்டன. இந்தமுறை அவள் கல்லெறியவில்லை, கிட்டப் போய் நின்றாள். ஒரு காகம் கன்றைப் பிடுங்கி எறிந்தது. பிறகு குழிக்குள் அலகை விட்டு, விரல் மொத்தத்தில் ஒரு வெள்ளைப்புழுவை இழுத்து விழுங்கியது.

யோகம்மா கையாலேயே மண்ணைக் கிளறினாள். ஏரம்புவின் மாட்டுக்கொட்டில் எரு போட்ட குழியெல்லாம் புழு. ஈரத்துக்கு மேலே வந்திருந்தது. காய்ந்தபோது கீழே போயிருந்தது. இரஞ்சிதம் ஆட்டெரு போட்டவள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைக்கு ஒரு மனுஷனை எரித்துவிட்டோமே! புழுவைக் கையில் பொத்திக்கொண்டு ஏரம்புவிடம் ஓடினாள்.

"காகம் இதுக்குத்தான் வந்தது, அத்தான். அவர் செத்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை. இண்டைக்கே போங்கோ."

ஏரம்பு புழுவைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "செத்தவீடு செய்து முடிச்சாச்சு. இனி என்னெண்டு போய் விசாரிக்கிறது? சனம் சிரிக்கும்."

அப்போது படலையைத் திறந்துகொண்டு பஸ்ரியாம்பிள்ளை வந்தார். ஊர்காவற்றுறைக்காரர், தெற்கே தியாகலிங்கத்தின் பக்கத்துக் கடைக்காரர். யோகம்மாவின் வெள்ளைச் சேலையைக் கண்டு திகைத்து நின்றுவிட்டார்.

"செய்தி அதுக்குள்ளை வந்திட்டுதோ, அக்கா? முந்தநாள்தானே சீவன் போனது."

தியாகலிங்கத்துக்குத் தலையில் அடி, பேச்சு இல்லை, ஆர் எவர் என்று ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. சாவதற்கு முதல்நாள்தான் பஸ்ரியாம்பிள்ளையே தற்செயலாகக் கண்டாராம்.

"என்ரை கையைப் பிடிச்சார், அக்கா. எனக்குப் பின்னாலை ஆரும் வருகினமோ எண்டு எட்டி எட்டிப் பாத்தார்."

ஏரம்பு தலையில் கைவைத்தபடி கதிரையில் சரிந்தார். யோகம்மா அழவில்லை.

"இனி நான் எதைக் கழட்டிறது, அத்தான்?" என்று கேட்டாள்.