ஆறு காடை முட்டைகளும் பதினோராவது ஷரத்தும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து என் மானத்தை வாங்குவதைவிட அது மேல். ஒரு துணி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு மரப்பெட்டி, மேலே கண்ணாடி மூடி. உள்ளே ஒரு சின்ன பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய காற்றாடி, கம்பி வலைமேல் ஆறு காடை முட்டைகள். நாங்கள் இருப்பது வாடகை வீட்டின் மாடி. வீட்டுக்காரர் கீழே இருக்கிறார். எந்த உயிரையும் வளர்க்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பிழைப்புக்குப் பத்திரம் எழுதுகிறேன். ஆசைக்குக் கதை எழுதுகிறேன். நாளை சாயங்காலம் வீட்டுக்காரர் மேலே வருகிறார். அதற்குள் நான் ஒரே ஒரு வரி எழுதியாக வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் அலமாரியில் இருந்தவை வீட்டை விட்டுப் போக வேண்டும், அல்லது நாங்கள் போக வேண்டும். அந்த வரியை எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைத் திட்ட வேண்டாம், வீட்டில் ஏற்கனவே ஆள் இருக்கிறது.

2

தொடக்கங்கள் நிறைய எழுதிப் பார்த்தேன்.

"வீட்டுக்காரர் ஒரு கொடுங்கோலர். அவருடைய மீசையைப் பார்த்தாலே—"

(அவருக்கு மீசை கிடையாது. இங்கேயே நிறுத்திவிட்டேன்.)

"பிரிவு என்பது என்னவென்று எட்டு வயதிலேயே அறிந்துகொண்ட ஒரு சிறுமியின்—"

இதை என் தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி படித்தாள். "என்னங்க, அழ வைக்கப் பாக்கறீங்களா? இதையே இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்கீங்க. இத்தன வருஷமா ஒரு நாவல அடைகாத்துக்கிட்டு இருக்கீங்களே, அது என்ன ஆச்சு?"

ஆனால் விஷயம் உண்மை. எங்கள் மகளுக்கு எட்டு வயது. உருவம் சின்னது, காரம் அதிகம், அதனால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். முதல் வீட்டில் ஒரு முயல் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், முயல் போயிற்று. அடுத்த வீட்டில் இரண்டு லவ்பேர்ட்ஸ். அவையும் போயின. இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை, அதுதான் எங்களை உறுத்தியது. என் மனைவி ஒருநாள் டியூட்டி முடிந்து வரும்போது பஞ்சு வைத்த டப்பாவில் ஆறு முட்டைகளைக் கொண்டுவந்தாள். "இந்தத் தடவ யாருக்கும் குடுக்க மாட்டோம்டி" என்று மிளகிடம் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

3

என் மனைவி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிற வேலை. வார்டில் எப்படியோ வீட்டிலும் அப்படியே. முட்டைகளில் பென்சிலால் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டாள். அலமாரிக் கதவில் ஒரு சார்ட் ஒட்டினாள்: கட்டில் 1, கட்டில் 2 என்று வரிசையாக, எதிரே நேரம், வெப்பம், பார்த்தவர் கையெழுத்து. அலமாரிப் பக்கம் போவதென்றால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. என் வீட்டில் என் சட்டையை எடுக்க நான் கை கழுவினேன்.

ஏழாம் நாள் ஜன்னலை மூடிவிட்டு, முட்டைக்கு அடியில் டார்ச்சை வைத்துக் காட்டினாள். புள்ளி போட்ட ஓடு சிவப்பாக எரிந்தது. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் கோடுகள். நடுவில் கடுகளவு ஒரு புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது.

"ஓடுதுங்க" என்றாள் மனைவி. எத்தனை நூறு இதயத் துடிப்பைக் கேட்டவள்! அவள் குரலே உள்ளே போய்விட்டது.

மிளகு வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, துடிக்கணும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கலடி."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. *

* இந்த இடத்தில் பிரபஞ்சம், படைப்பின் ரகசியம் என்றெல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். கடுகளவு புள்ளி துள்ளியது, அவ்வளவுதான் நடந்தது.

4

வீட்டுக்காரர் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படி ஒரு ஆளைக் கற்பனையில் உருவாக்கினால் நீங்களே "காதில் பூச்சுற்றாதே" என்பீர்கள். அவர் குடிநீர் வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் கசிவு கேட்கிற வேலை பார்த்தவர். தெருவுக்கு அடியில் எங்கே குழாய் உடைந்திருக்கிறது என்று தோண்டாமலே சொல்ல வேண்டும். கையில் ஓர் ஆள் உயர இரும்புக் கம்பி, அதன் மேல்நுனியில் பித்தளைக் கிண்ணம். கம்பியைத் தரையில் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்பார். வேலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவாம். "காது வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்களாம்.

பதினாறாம் நாள், விடுமுறை, காலை பத்து மணி. கதவைத் தட்டினார். திறந்தால் கையில் அந்தக் கம்பி.

"தம்பி, மேல எங்கயோ தண்ணி ஒழுகுது. ரெண்டு வாரமா கேக்குது. சுவரு ஊறிப் போறதுக்குள்ள பாத்துடணும்."

"குழாயெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு..."

"உங்க காதுக்கு நல்லாத்தான் இருக்கும்."

சமையலறைச் சுவரில் கம்பியை வைத்தார், தலையை ஆட்டினார். குளியலறையில் வைத்தார், இல்லை. கூடத்தில் வைத்தவர், ஓரடி நகர்ந்து மறுபடி வைத்தார். நான் பின்னாலேயே திருடன் மாதிரி நடந்தேன். படுக்கையறையில் மிளகு அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் கம்பியை ஊன்றினார்.

"இங்கதான். ஆனா தண்ணி இல்ல. என்னமோ சுத்துது."

மிளகின் உதடு கோணத் தொடங்கியது. நான் ஒரு பொய்யை மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். (முதல் வரைவில் நான் முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்று பேசுவேன். நல்ல வசனம். நடக்கவில்லை.) அப்போது துணி உலர்த்தப் போயிருந்த மனைவி உள்ளே வந்தாள். கம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், வார்டுக் குரலில் சொன்னாள்:

"ஐயா, கிட்ட போறதுன்னா கை கழுவிட்டு வாங்க. முழங்கை வரைக்கும். சோப்பு போட்டு."

கசிவு தேடி வந்த மனிதர், சொன்னபடி போய்க் கழுவினார். ஈரக் கைகளை மேலே தூக்கியபடி திரும்பி வந்து நின்றார். அந்தக் குரலுக்கு வார்டில் எத்தனையோ அப்பாக்கள் அப்படித்தான் போய்க் கழுவியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. மிளகு வழி விட்டாள். அவர் சார்ட்டைச் சத்தமாகப் படித்தார்.

"கட்டில் ஒண்ணு... கட்டில் ரெண்டு... என்னம்மா இது?"

"காடைங்க. பதினாறாம் நாள். இனிமே மூடியத் திறக்கக் கூடாது, இடம் மாத்தவும் கூடாது. செத்துடும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, ஒப்பந்தத்துல—" என்று ஆரம்பித்தவர் சட்டென்று விரலை உயர்த்தினார். "ஷ். அந்தக் காத்தாடிய நிறுத்துங்க."

மனைவி அலமாரிக் கதவைத் திறந்து காற்றாடியை நிறுத்தினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்தான்."

கம்பி வலையைப் பிடித்திருந்த திருகாணி ஒன்று பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் கம்பியின் நுனியை, தூங்குகிற குழந்தையைத் தொடுவது போல வைத்தார். கிண்ணத்தில் காதை வைத்தார். அவர் முகத்தை எழுத நாலு தடவை முயன்றேன். "அவர் முகம் ஒரு—" "கண்கள்—" வேண்டாம். அவர் காதை எடுத்துவிட்டு, மிளகைக் கூப்பிட்டு அவள் காதில் கிண்ணத்தை வைத்தார். பிறகு என் முறை.

டிக். நகத்தால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. டிக் டிக். அது வேறு இடத்திலிருந்து வந்தது. மறுபடி முதல் சத்தம். மறுபடி அதற்குப் பதில்.

"உள்ளேருந்தே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும்" என்றாள் மனைவி மெதுவாக. "எல்லாம் ஒண்ணா வெளிய வர்றதுக்கு."

வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "முப்பத்தஞ்சு வருஷம் தரைக்கு அடியில கேட்டிருக்கேம்மா. ஒரு தடவகூட எதுவும் பதில் சொன்னதில்ல."

5

கதை இங்கே முடிந்திருக்கலாம். எல்லாரும் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒரு நிமிஷம் முடிந்தது, மனைவி காற்றாடியைப் போட்டாள், அவருக்கு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது.

முதல் பகுதியில் "என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்று எழுதியிருந்தேன், கவனித்தீர்களா? யார் எழுதியது என்று சொல்லவில்லை. பூசி மெழுகிவிட்டேன். உங்களுக்கு முன்னால் என் குட்டை அவரே உடைத்தார்.

"நான் நாயும் பூனையும் வேணாம்னுதானே தம்பி சொன்னேன்? இந்தக் காதால சோறு தின்னவன். ஒரு நாய் குரைச்சா மண்டைக்குள்ள ஆணி அடிக்குது, அதுக்காகச் சொன்னேன். மத்ததெல்லாம் நீங்கதானே சேத்தீங்க? வாசிச்சுக்கூடக் காட்டினீங்களே, நல்லாருக்குன்னு சொன்னேனே!"

ஆமாம். நான் பத்திரம் எழுதுகிறவன் இல்லையா? எங்கள் ஒப்பந்தத்தையும் நானேதான் தட்டச்சு செய்தேன். அவர் சொன்னது இரண்டு சொல். நான் அடித்தது இது:

*11. குடியிருப்பவர் இவ்வீட்டில் நாயோ பூனையோ, நடப்பனவோ பறப்பனவோ நீந்துவனவோ, உயிருள்ள எதையும் வளர்க்கலாகாது.*

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். என் தலையில் மட்டும் என்றால் பரவாயில்லை.

மிளகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏம்ப்பா எழுதின?"

"வாக்கியம்... அப்படி முடிஞ்சா நல்லா இருந்துச்சும்மா."

இதைவிட வெட்கப்பட்டு நான் ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் எழுந்தார். "பொரிக்கட்டும். இதுங்க கத்துமா?"

"ஆணா இருந்தா கத்தும்" என்றாள் மனைவி. அவளுக்குப் பொய் வராது. "ஆறு வாரம் கழிச்சு."

"அன்னிக்கு வர்றேன். அன்னிக்குப் பேசிக்குவோம்." கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

6

உங்களுக்காக ஆறையும் பொரிக்க வைத்து ஒரு பக்கம் எழுதினேன். மிளகு படித்துவிட்டு "பொய்" என்றாள்.

உண்மை இது. பதினெட்டாம் நாள் முதலில் இரண்டாம் எண் ஓட்டில் விரிசல் விட்டது. உள்ளே இருந்தது தன்னையே சுற்றித் திருகி, ஓட்டை ஒரு மூடி மாதிரி அறுத்து, தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தது. ஈரமாக, கட்டைவிரல் நுனி அளவு. விழுந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க அதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று நான் வியந்துபோனேன். ஒரு மணி நேரத்துக்குள் இன்னும் நான்கு. பேசி வைத்த மாதிரி. மாதிரி என்ன, பேசித்தானே வைத்தன.

நான்காம் எண் வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்தோம். பிறகு மனைவி சார்ட்டில் கட்டில் நான்குக்கு நேராக ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். வார்டிலும் அப்படித்தான் போடுவாள் போலிருக்கிறது. அந்தக் கோடுகளைப் பற்றி அவள் இத்தனை வருடத்தில் வீட்டில் பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை.

7

ஆறு வாரம் கழிந்து, நேற்றுக் காலை இரண்டாம் எண் கூவினான். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம். மூன்று பேரும் அப்படியே நின்று தரையைப் பார்த்தோம். கீழே எந்தச் சத்தமும் இல்லை.

பள்ளிக்குக் கிளம்பிய மிளகை மாடிப்படியில் வீட்டுக்காரர் நிறுத்தியிருக்கிறார். "ரெண்டாம் கட்டில்தானே? அன்னிக்கு மொதல்ல தட்டினவன்."

"உங்களுக்கு எப்படித் தாத்தா தெரியும்?"

"என் காதப் பத்தி என்ன நெனச்ச?"

"ஆணி அடிக்குதா?"

"அடிக்குது" என்றாராம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரிஞ்ச ஆணிதான்" என்றாராம்.

அவள் கையில் எங்கள் ஒப்பந்தத்தைக் கொடுத்தனுப்பினார். பதினோராவது ஷரத்தைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் கீழே இரண்டு விரல் இடம் காலியாக இருக்கிறது. மிளகிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்கப்பாவ வேற எழுதச் சொல்லு. நாளன்னிக்கு சாயங்காலம் வந்து படிக்கிறேன். மனசுக்குச் சரின்னு பட்டா கையெழுத்து. இல்லன்னா இல்ல."

மிளகு இப்போது என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"குடியிருப்பவர் ஐந்து காடைகளை மட்டும்—" (அவை முட்டையிட்டால்?)

"வீட்டு உரிமையாளர் தமது பெருந்தன்மையால்—" ("ஐஸ் வைக்காதப்பா.")

"கூவுதல் நீங்கலாக—" ("கூவாதேன்னு அதுகிட்ட நீ சொல்றியா?")

"உயிருள்ளவை உயிருள்ளவற்றோடு—" (மிளகு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "மறுபடி அழகா எழுதற.")

ஒரு வரி. அதில் அந்தச் சத்தத்தைத் தாங்குகிற காதும் இருக்க வேண்டும், சார்ட்டில் கோடு இழுத்த கையும் இருக்க வேண்டும், யாருக்கும் குடுக்க மாட்டோம் என்ற வாக்கும் இருக்க வேண்டும். ஓட்டுக்குள்ளிருந்து ஒன்றையொன்று பார்க்காமலே பதில் சொன்ன அவற்றுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை. என்னால் ஆகவில்லை.

நீங்கள் எழுதுங்கள். பேனா மிளகிடம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பாள். கை கழுவிக்கொள்ளுங்கள், முழங்கை வரைக்கும். எழுதியதும் அவளிடம் வாசித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

*11. இவ்வீட்டில்*