கொடி டாக்டர் வைத்தியம் பார்த்த தோட்டம்

கொடி டாக்டருக்குத் தர்பூசணியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. தெரிந்ததை அந்தப் பெயரிலேயே வீடியோ போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க அவரிடம் ஒரு கைப்பேசியும் எடுப்பான குரலும் இருந்தன. சொன்னதைத் தன் தோட்டத்தில் செய்து பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

ஒரே மண்ணில் திரும்பத் திரும்பத் தர்பூசணி போடாதீர்கள் என்று வீடியோவில் விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு, போன வருடம் போட்ட அதே மண்ணில் இந்த வருடமும் போட்டார். அறுவடை முடிந்ததும் காய்ந்த கொடியை அப்புறப்படுத்துங்கள் என்று முழங்கியவரின் காய்ந்த கொடிகள் வேலியோரம் குவிந்து கிடந்தன.

"என்னங்க, அந்தக் குப்பையையாவது அள்ளிப் போட்டா என்ன?" என்று மனைவி கேட்டாள்.

"அது மேல ஏறி நின்னாத்தான் தோட்டம் முழுசா கேமராவுல விழுது" என்றார்.

தோட்டத்தில் நோயும் விழுந்தது. கொடிகள் வீசிப் படரும் பருவத்தில் குப்பைக்குப் பக்கத்து வரிசைகளில் இலையோரம் கருகத் தொடங்கியது. பிறகு அடித்தண்டு வெடித்து, செம்பழுப்பு நிறத்தில் பிசின் முத்து முத்தாகக் கசிந்தது. டாக்டர் அசரவில்லை. பாலைத் தண்ணீரில் கலந்து அடித்து ஒரு வீடியோ போட்டார். சாம்பல் தூவி இன்னொன்று. சோப்புத் தண்ணீர் தெளித்து மற்றொன்று. "நாளைக்கே பாருங்க நண்பர்களே, பச்சைப் பசேல்னு நிக்கும்!" என்று ஒவ்வொன்றிலும் சத்தியம் செய்தார்.

மறுநாள் அந்த வரிசையைக் காட்ட மாட்டார். கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி. இப்படித் தள்ளித் தள்ளிப் போன கேமரா, கடைசியில் கம்பி வேலியைத் தாண்டி மச்சினன் தோட்டத்தைக் காட்டத் தொடங்கியது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அதிகம் பேசாத ஆள், கோபம் மட்டும் சட்டென்று வரும். போன வருடம் சோளம் போட்டிருந்த மண்ணில் இந்த வருடம் தர்பூசணி போட்டிருந்தான். தண்ணீர் வேருக்கு மட்டும் சொட்டும். நோய் வரும் முன்பே மருந்து அடித்துவிடுவான். கொடி ஈரமாக இருந்தால் அவனே உள்ளே போக மாட்டான். காய்கள் பந்து பந்தாகக் கிடந்தன. பார்ப்பவர்கள் அதை டாக்டரின் தோட்டம் என்றே நினைத்து வாயைப் பிளந்தார்கள். அவர்கள் மனம் நோகுமே என்று டாக்டரும் திருத்தவில்லை.

அப்புறம்தான் வினை வந்தது. ரசிகர்கள் சிலர் வேன் பிடித்துத் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். டாக்டர் வேலியோரம் வந்து குழைந்தார்.

"மாப்ளே, ஒரே ஒரு காலைல. சும்மா சுத்திக் காட்டிட்டு அனுப்பிடறேன்."

"வேணாம் மாமா. மழை பெஞ்சு கொடியெல்லாம் நனைஞ்சு கிடக்கு. உங்க பக்கத்துல வேற சீக்கு."

"சீக்கா? அது சத்துக் குறைபாடு!"

"எதுவோ. என் தோட்டத்துல கால் வைக்காதீங்க."

ஆனால் ரசிகர்கள் வந்த காலையில் மச்சினன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தான். டாக்டர் தன் தோட்டத்துச் சேறு அப்பிய பூட்ஸோடு, காலையில் தன் கொடிகளை வெட்டிய கத்தரிக்கோலும் கையுமாக வேலிக் கதவைத் திறந்துவிட்டார். கூட்டம் ஈரக் கொடிகளுக்கு நடுவே நடந்தது, குனிந்தது, காயைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தது. டாக்டர் வரிசைக்கு வரிசை தண்டைக் கீறி, "பாருங்க, உள்ள எவ்வளவு ஆரோக்கியம்!" என்று காட்டினார்.

மாடியில் வெள்ளரி வளர்க்கும் ஒரு டீச்சர் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஈரத்துல கொடியத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது புதுசா விவசாயம் பண்றவங்களுக்கும்மா" என்றார் டாக்டர். எல்லோரும் கைதட்டினார்கள்.

சில நாட்களில் மச்சினன் தோட்டத்தில் ஒரு பாதை தெரிந்தது. கூட்டம் நடந்த இடமெல்லாம் இலை கருகி, கோடு கிழித்த மாதிரி. வீங்கிய கன்னத்தோடு அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"யாரை உள்ள விட்டீங்க மாமா?"

"காத்துல வந்திருக்கும் மாப்ளே. காத்தை யாரு தடுக்க முடியும்?"

"காத்து பூட்ஸ் போட்டுக்கிட்டா நடக்கும்? வந்து பாருங்க, தடம் கிடக்கு!"

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் டாக்டர் தனியாக மச்சினன் தோட்டத்துக்குப் போய்க் கருகிய வரிசையில் குந்தி உட்கார்ந்தார். தான் கீறிய இடத்தில்தான் பிசின் கசிந்திருந்தது. அடுத்த கொடியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். மச்சினன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தார். எழுந்தார். அப்போது பிசின் துளியில் சாயங்கால வெயில் பட்டு மின்னியது. இவ்வளவு தெளிவான படம் இனி எங்கே கிடைக்கும்? கைப்பேசியை எடுத்துவிட்டார்.

"வணக்கம் நண்பர்களே! எங்க சொந்தக்காரர் ஒருத்தர், பேர் வேணாம், ஈரத்துல வெளி ஆளுங்களைத் தோட்டத்துக்குள்ள விட்டுட்டார். அதோட விளைவைப் பாருங்க..."

அவர் போட்டதிலேயே உருப்படியான வீடியோ அதுதான். சொன்னது ஒவ்வொன்றும் சரி, உள்ளே விட்டது யார் என்பதைத் தவிர. அது பற்றிக்கொண்டு பரவியது. விவசாயக் கண்காட்சி ஒன்றிலிருந்து சிறப்பு விருந்தினராக வரச் சொல்லி அழைப்பு வந்தது. டாக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

மச்சினன் கருகிய வரிசைகளோடு அவற்றின் இரு பக்கத்து வரிசைகளையும் வேரோடு பிடுங்கினான். மிச்சத்துக்கு மருந்தடித்து, பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டான். டாக்டரின் தோட்டத்தில் காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை. அக்காவும் தம்பியுமாகக் கொடியையும் குப்பையையும் ஆழக் குழிதோண்டிப் புதைத்தார்கள், மண்ணைப் புரட்டிச் சோளம் விதைத்தார்கள். வேலை முடிந்ததும் அவள் தோட்டத்து வாசல் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள்.

கண்காட்சியில் கொடுத்த கேடயத்தை அணைத்துக்கொண்டு திரும்பிய டாக்டர் பூட்டைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னது இது? சாவி எங்க?"

"என்கிட்டத்தான்."

"நான் எப்படி உள்ள போறது?"

"எதுக்குப் போகணும்? வெளிய நின்னு பேசுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருது."

"சோளமா போட்டிருக்கீங்க? அடடே! பயிரை மாத்தணும்னு நானே சொல்ல இருந்தேன். சோளத்துல வர்ற நோயைப் பத்தி..."

"ஏங்க" என்றாள் அவள், சத்தத்தை உயர்த்தாமல். "அது இன்னும் முளைக்கவே இல்லை."

டாக்டர் கேடயத்தை இன்னொரு கைக்கு மாற்றினார். மறுபடி சாவியைக் கேட்டார். அவள் தரவில்லை.