மீன்தொட்டியின் மிஸ்கோல்

முதலாவது எல்.ஈ.டி. பல்பு கருகியது மார்ச் மாதத்தில். இரண்டாவது அதே நாள் பின்னேரம். மூன்றாவதைக் கோபத்தில் நானே கருக்கினேன். கடையில் மீன்தொட்டிக்கென்றே விளக்கு விற்கும்போது உனக்கு ஏனடா இந்த வேலை என்று என்னை நானே திட்டிக்கொண்டு நான்காவதற்கு ஈயம் பிடித்தேன்.

என் பெயர் குணசேகரம். டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் நானும் மனைவி றஜனியும் இருக்கிறோம். பம்பு பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பதினேழு வருட வேலை. இந்த 2009ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்தே எங்கள் வீட்டு ரீவி அணையவில்லை. றஜனியின் ஒரே தம்பி ஜெயரூபன் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். ரீவியில் காட்டும் வரைபடத்தில் அவன் இருந்த பக்கம் கிழமைக்குக் கிழமை சுருங்கிக்கொண்டு வந்தது. பொங்கலுக்கு முதல் வாரம் விசுவமடுவிலிருந்து ஒருதரம் கதைத்தான். அதோடு சரி.

மூன்று தடவை ரெயில் ஏறிக் கோப்பன்ஹேகன் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். சைக்கிளில் போனவர்கள் மணியடித்து எங்களை விலகச் சொன்னார்கள். நாங்களும் விலகினோம். திரும்பி வரும் வழியில், இந்த உலகத்தில் ஒரு சாமானாவது நான் சொன்னபடி நடக்கவேண்டும் என்று ஒரு வெறி வந்தது. அந்த வெறிதான் மீன்தொட்டி.

கென்புறுக்ஸ்பிளஸ் என்று சொல்லும் பழைய சாமான் போடும் இடத்தில், மூலை ஒழுகுகிறது என்று யாரோ எறிந்த பெரிய தொட்டி கிடைத்தது. ஒழுகலை அடைத்தேன். உடைந்த அலுமினிய ஜன்னல் சட்டத்தை வெட்டி, முப்பத்தாறு சிறு பல்புகளை அதில் வரிசையாக ஒட்டி விளக்கு செய்தேன். தீப்பெட்டி அளவு கொம்பியூட்டர் பலகை ஒன்று எல்லாவற்றையும் நடத்த வேண்டும். காலையில் விளக்கு மெல்ல மெல்ல விடிய வேண்டும், மாலையில் அதே மாதிரி மங்க வேண்டும், செடிக்கு வேண்டிய வாயுவைக் குறித்த நேரத்தில் விட வேண்டும், தண்ணீர் வற்றினால் தானே நிரப்ப வேண்டும். மனிதன் பக்கத்தில் இருக்கவே தேவையில்லை. திட்டம் அப்படி. நடந்ததோ, விளக்கு நடுமத்தியானம் அணைந்தது, வாயு அளவுக்கு மிஞ்சி ஐந்து மீன் செத்தது, கடையில் வாங்கிய நீர்ச்செடி ஒரு கிழமையில் கஞ்சியாகக் கரைந்தது.

அந்தச் செடி வந்த சிறு சட்டியில் ‘ஸ்ரீலங்கா’ என்று எழுதியிருந்தது. விமானத்தில் வருகிறதாம், கடைக்காரப் பெண் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடிக்கு விமானம் இருக்கிறது.

றஜனி தொட்டிப் பக்கமே வரமாட்டாள். ஒருநாள் நான் வாளியோடு குளியலறைக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது வாயைத் திறந்தாள்.

“அங்க சனம் ஒரு போத்தில் தண்ணிக்கு லைனில நிண்டு செத்துக்கொண்டிருக்குது. இஞ்ச நீங்கள் மீனுக்குத் தண்ணி காவுறியள்.”

“அப்ப நான் என்ன செய்யச் சொல்லுறாய்? சொல்லு, செய்யிறன்.”

அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆத்திரமும்.

இனி மிஸ்கோல் விஷயத்துக்கு வருகிறேன். ஜெயரூபனுக்கும் எனக்கும் பல வருடமாக ஒரு ஒழுங்கு இருந்தது. அவன் தொலைபேசிக் கடையிலிருந்து என் கைபேசிக்கு அடிப்பான். நான் எடுக்கமாட்டேன், வெட்டுவேன். எடுத்தால் அவனுக்குக் காசு. வெட்டினால், ‘கண்டுவிட்டேன், அங்கேயே நில், இப்ப திருப்பி எடுக்கிறன்’ என்று அர்த்தம். மணி அடித்துக்கொண்டே இருந்தால் ஆள் இல்லை, வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். வெட்டிவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் நான் திருப்பி எடுக்காமல் விட்டதே கிடையாது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தை நடத்தியது இப்படித்தான்.

இந்தக் கெட்டித்தனத்தைத்தான் தொட்டிக்கும் கொடுத்தேன். பழைய பட்டன் போன் ஒன்றைத் திறந்து, அதன் ஒரு பட்டனுக்கு வயர் பிடித்து, தண்ணீரில் மிதக்கும் ஒரு மிதவையோடு இணைத்தேன். தண்ணீர் குறைந்து மிதவை கீழே இறங்கினால் அந்தப் போன் என் கைபேசிக்கு அடிக்கும். நான் வெட்டுவேன். வெட்டாவிட்டால் குரல்பதிவுக்குப் போய் அந்த சிம்மில் இருக்கும் காசு வீணாகும். வேலை முடிந்து வந்து தொட்டியைப் பார்ப்பேன். முதல்நாள் அது சரியாக அடித்தபோது, இந்த வருடத்திலேயே முதல் தடவையாக எனக்குச் சந்தோசம் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

தொழிற்சாலையில் கைபேசியை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் மேற்பார்வையாளர் ப்ரெபென்னிடம் தை மாதமே மச்சானின் கதையைச் சொல்லியிருந்தேன். அவர், “உனக்கு மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அனுமதி. மச்சான் எடுத்தால் ஓடிப்போய்க் கதை, மெஷினை நான் பார்க்கிறேன்” என்றார். மச்சானுக்காகத் தந்த அந்த அனுமதியில், ஏப்ரல் மாதத்திலிருந்து என் சட்டைப்பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது மீன்தொட்டி.

அதுவும் பொய்யாக. செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகள் பெருகி, மிதவைக்கு மேல் ஏறிக் குந்தத் தொடங்கின. கடுகளவு நத்தை ஒன்றிரண்டு ஏறினால் பாதகமில்லை, மூன்று நான்கு ஏறினால் மிதவை தாழும், போன் அடிக்கும். தண்ணீரோ விளிம்புவரை நிற்கும். வலை கட்டினேன், வலையில் ஏறின. பொறுக்கி எறிந்தேன், மறுநாள் குஞ்சுகள் வந்தன. ஒரு நாளைக்கு ஆறு தரம் அடிக்கும். பார்க்காமலே சட்டைத் துணிக்கு மேலால் பெருவிரலால் அமத்தி வெட்டப் பழகிவிட்டேன். கையுறையைக் கூடக் கழற்றுவதில்லை.

போர் முடிந்த மே பதினெட்டு வந்து போனது. அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பிறகு றஜனி வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாம்களின் படங்களை இணையத்தில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் தம்பியின் முகத்தைத் தேடினாள். முகாமுக்குள் சிலர் போன் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கதை வந்தது. கோப்பன்ஹேகன் பக்கம் இஷொயில் ஒரு குடும்பத்துக்கு அப்படி அழைப்பு வந்ததாம்.

“அவனுக்கு எங்கட நம்பர் நினைவிருக்குமோ?” என்றாள்.

“என்ர நம்பர் அவனுக்குப் பாடமெல்லோ. பதினொரு வருசமா மாத்தேல்லை. உயிரோட இருந்தா அடிப்பான்.”

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே மூன்று தரம் அடித்து, மூன்று தரம் வெட்டி, எனக்கு எரிச்சல் உச்சியில் நின்றது. பத்தே முக்கால் அளவில் நான்காவது தரம் அடித்தது. ‘சனியனே’ என்று தமிழில் திட்டிக்கொண்டு அமத்தினேன். ப்ரெபென் கூடத் திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்து கைபேசியைப் பார்த்தேன். மூன்று அழைப்புக்கு நேரே ‘தொட்டி’ என்று இருந்தது. நான்காவதற்கு நேரே இலங்கை நம்பர் இருந்தது.

அந்த இடத்திலேயே திருப்பி எடுத்தேன். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று மூன்று மொழியில் ஒரு குரல் சொன்னது. சைக்கிள் தரிப்பிடத்தில் நின்று இருபது தரம் எடுத்தேன். மூன்று மொழியும் எனக்குப் பாடமாகிவிட்டது. றஜனிக்குச் சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன். யோசித்ததை மறைக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் நல்லது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வெட்டினனீங்களோ, அடிக்க விட்டனீங்களோ?”

“வெட்டினனான்.”

“அப்ப நிண்டிருப்பான்” என்றாள். கதிரையில் இருந்தாள். நாலே கால் மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவள் அன்று முதியோர் இல்லத்துக்குப் போகவில்லை.

நான் தொட்டியிலிருந்து பழைய போனைப் பிடுங்கினேன். வயரோடு சேர்ந்து விளக்கின் பாதியும் அணைந்தது. அணைந்தால் அணையட்டும்.

வியாழன் பின்னேரம், எத்தனையாவது தரமோ தெரியாது, மணி போனது. ஒரு பெண் மெதுவாகக் கதைத்தாள். றஜனிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

“ஆர் கதைக்கிறது?”

“டென்மார்க்கில இருந்து குணசேகரம். செவ்வாய்க்கிழமை இந்த நம்பரில இருந்து கோல் வந்தது.”

“ஐயோ, நீங்கள்தானே அந்த அத்தான்!” என்றாள். தன் பெயர் விக்ரோரியா என்றும், போன் தன்னுடையது என்றும், ஒளித்து வைத்து ஆளுக்கு ஒரு கோல் கொடுப்பதாகவும் சொன்னாள்.

“ஜெயரூபன் எங்க அக்கா? பக்கத்தில நிக்கிறானோ?”

“இல்லைத் தம்பி. நேற்றுக் காலமை கொஞ்சப் பேரை பஸ்ஸில ஏத்தி வேற முகாமுக்குக் கொண்டு போட்டினம். எங்கயெண்டு எங்களுக்குச் சொல்லேல்லை. ஆனா ஆள் சுகம். கையில மட்டும் ஒரு காயம், ஆறியிட்டுது.”

றஜனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“செவ்வாய்க்கிழமை…” என்று நான் தொடங்கினேன்.

“ஓம், நீங்கள் வெட்டினீங்களெல்லோ. அவருக்கு வந்த சந்தோசம்! அத்தான் வெட்டிட்டார், இப்ப எடுப்பார் எண்டு எல்லாருக்கும் சொன்னவர். லைன் பிசியாயிடும், ஒருத்தரும் கோல் எடுக்காதேங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால நிண்ட சனமும் பாவம் எண்டு விட்டுக் குடுத்தது. நிலத்தில குந்திப் போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தவர்.”

“எவ்வளவு நேரம்?”

“சார்ஜ் முடியுமட்டும். பின்னேரம் ஆயிட்டுது.”

விக்ரோரியா அக்கா கேட்டாள்: “அவரை எங்கயும் கண்டா என்ன சொல்ல?”

“மீன்தொட்டி எண்டு நினைச்சு வெட்டினவர் எண்டு சொல்லுங்கோ.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழந்தை அழுதது. நான் முழுக்கதையையும் சொன்னேன், மிதவை, நத்தை எல்லாம்.

“அதை நான் சொல்லமாட்டன் தம்பி” என்றாள் கடைசியில். “நீங்கள் எடுத்துக்கொண்டுதான் இருந்தீங்கள், லைன் கிடைக்கேல்லை எண்டு சொல்லுறன்.”

இப்போது செப்டெம்பர். அவன் இருக்கும் முகாம் எது என்று இன்னும் தெரியாது. என் கைபேசி அன்றிலிருந்து றஜனியிடம்தான் இருக்கிறது. அவள் எந்த அழைப்பையும் வெட்டுவதில்லை. செய்திப்பத்திரிகைக்குச் சந்தா கேட்டு டேனிஷில் எடுப்பவர்களைக்கூட, அவர்களே வைக்கும்வரை நின்று கேட்கிறாள்.