தூசு வீடு திரும்பிய விவரம்

அம்சவேணி பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த தூசு தன் சொந்தக்காரர்களைத் தேடிக் கிளம்பியது 2023 பிப்ரவரி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு. அன்று புத்தூர் மார்க்கெட்டில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். காற்று கிழக்கிலிருந்து மெதுவாக வீசிக்கொண்டிருந்தது. தூசு அதைப் பொருட்படுத்தவில்லை. மொத்த எடை முன்னூற்று எண்பது கிராம்.

அம்சவேணிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. நாகலாபுரத்துக்கு மேற்கே மலையடி ஊரில் வேர்க்கடலையும் கரும்பும் போடும் முனிரத்தினத்தின் ஒரே மகள். திருப்பதியில் இயற்பியல் படித்து, காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, 2011இல் புத்தூர் ரோட்டில் குன்றின் மேல் இருந்த காற்று ஆய்வு மையத்தில் சேர்ந்தாள். தினமும் காலையில் மொட்டை மாடிப் பெட்டியில் ஒரு வெள்ளை வடிதாளை வைத்து பம்பைப் போடுவாள். இருபத்துநாலு மணி நேரம் ஊர்க்காற்று அதற்குள் புகுந்து, சுமந்து வந்ததை அதில் விட்டுவிட்டுப் போகும். மறுநாள் தாளை எடுத்து, காயவைத்து, மூச்சு விட்டாலே முள் ஆடும் தராசில் நிறுத்து, வெள்ளித்தாளில் சுற்றி, ஃப்ரீசரில் அடுக்குவாள். பிறகு ஒவ்வொரு தாளிலும் ஒரு துண்டை நறுக்கிக் கரைத்து, இது கடல் உப்பு, இது டீசல் புகை, இது உடைத்த கல் என்று பிரித்து எழுதுவாள். யார் வீட்டுத் தூசு என்று கண்டுபிடிப்பதுதான் மொத்தத்தில் அந்த வேலை. ஊரில் விசாரித்தவர்களுக்கு முனிரத்தினம் இதைச் சுருக்கமாகச் சொன்னார்.

"எம்பொண்ணு காத்த வடிகட்டிகினு கீது."

"வடிகட்டி?"

"எட போடுது."

"அப்பால?"

"அப்பால ஐஸ் பொட்டில வெக்கிது."

சர்க்கார் சம்பளம் என்று தெரிந்ததால் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மையத்தின் இயக்குநர் சுரேஷ்பாபு பெரிய படிப்பாளி. அவருடைய பெயர்ப்பலகை அறைக்கதவைவிட அகலம். கதவைத் திறந்தால் கடைசி இரண்டு பட்டங்கள் சுவரில் இடிக்கும். அம்சவேணி வருஷா வருஷம் அவரிடம் ஒரு அறிக்கை கொடுப்பாள். மலையடி ஊர் உட்பட இந்த வட்டாரத்தில் விழும் தூசில் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு மலைமேல் உள்ள தணிகைவேலின் கல் கிரஷரிலிருந்து வருகிறது, ஐந்து பங்கு நம் மையத்து ஜெனரேட்டரிலிருந்தே வருகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். சுரேஷ்பாபு அத்தனையையும் அடித்துவிட்டு, ஓரத்தில் பச்சை மையில் 'மூலம்: இயற்கை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். 2022இல் சித்தூர் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது கிரஷர் சித்தூரிலும் மலையடி ஊர் திருப்பதியிலுமாகப் போயின. தூசு எழும்புவது ஒரு கலெக்டருக்கும் விழுவது இன்னொரு கலெக்டருக்கும் சேர்ந்தது. புகார் மனு ஒவ்வொன்றும் இரண்டு ஆபீசுக்கும் நடந்து களைத்தது. மாவட்டம் பிரிந்த விஷயத்தைக் காற்றுக்கு மட்டும் யாரும் தெரிவிக்கவில்லை. அது பழையபடியே வீசிக்கொண்டிருந்தது. முனிரத்தினத்தின் கடலைச்செடிகள் பழையபடியே சாம்பல் பூசி நின்றன.

அடுத்த வருஷம் தணிகைவேல் இரண்டாவது கிரஷருக்கு மனுப் போட்டார். இடம் முனிரத்தினத்தின் கடலைக்கொல்லைக்கு நேர் மேலே. அதற்கு மையத்திலிருந்து ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. சுரேஷ்பாபு சான்றிதழைச் சும்மா கொடுக்காமல் ஒரு விழாவாகவே கொடுப்பது என்று முடிவு செய்து, அதற்கு 'தூய காற்றுத் திருவிழா' என்று பெயர் வைத்தார். பந்தல் செலவு தணிகைவேலுடையது. 'காற்றுக் காவலர்' என்ற கேடயமும் அவருக்கே. விழாவுக்கு முந்தின மூன்று நாளும் தண்ணீர் லாரிகள் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ரோட்டை நனைத்தன. காற்றை அளக்கும் கருவியின் வாய்க்கு ஈரச்சாக்கு கட்டப்பட்டது. கருவி பதினொன்று என்று காட்டியது. அவ்வளவு சுத்தமான காற்று பனிமலை உச்சியில்தான் இருக்கும், அங்கேயும் ஆள் போகாத நாட்களில்.

விழா அன்று காலை அம்சவேணி வந்து பார்த்தபோது ஃப்ரீசருக்குள் இளநீர் இருந்தது. நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தாள்களும் கோணிப்பைகளில் திணிக்கப்பட்டு, குப்பை டிராக்டருக்காக மேடைக்குப் பின்னால் கிடந்தன.

"காகிதாலே கதம்மா," என்றார் சுரேஷ்பாபு. காகிதம்தானே என்று அர்த்தம். பட்டுச் சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்ததால் அவர் நிமிரவில்லை. "நம்பர் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு இல்ல?"

கம்ப்யூட்டரில் இருந்தது. ஆனால் நம்பரை யார் வேண்டுமானாலும் பச்சை மையில் அடிக்கலாம். திரும்ப நிறுத்துப் பார்க்கத் தாள் இருக்கும்வரைதான் அவள் சொன்னது ஆதாரம். தாள் போய்விட்டால் அது ஒரு சம்பளக்காரியின் பேச்சு. அவள் போய் ஒரு கோணிப்பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். டிராக்டர்காரர் கூப்பிட்டார், எழுந்திருக்கவில்லை. எடை அறையில் உதவிக்கு இருந்த புத்தூர் சபீனா வந்து பக்கத்துப் பை மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, பன்னெண்டு வருஷம் எம்மாங் கனம் வரும்?"

"முன்னூத்தி எண்பது கிராம்."

பந்தலின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்த முனிரத்தினம் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். "ஒரு படி கல்லக்கா கூட இல்லியேமா," என்று வேர்க்கடலைக் கணக்கில் சொன்னார்.

மைக்கில் சுரேஷ்பாபு, நம் ஊர்க்காற்று தாய்ப்பாலுக்குச் சமானம் என்றும், கொஞ்சநஞ்சம் இருக்கிற தூசும் இயற்கை அன்னை தந்தது என்றும் சொன்னார். அப்போது மணி பத்து நாற்பது. கோணிப்பைகளின் கட்டு தானாக அவிழ்ந்தது. தாள் ஒன்றும் அசையவில்லை, தூசு மட்டும் எழுந்தது. முதலில் சாம்பல் நிறக் கல்தூள், ரேஷன் கடை வரிசையைவிட ஒழுங்காக, யார் தலையையும் தொடாமல் பந்தலுக்குள் போய், தணிகைவேலின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. அதன் பின்னால் ஜெனரேட்டர் கரி போய் சுரேஷ்பாபுவின் வெளிர்நீல சஃபாரியில், பேட்ஜுக்குச் சற்றுக் கீழே இடம் பிடித்தது. ஒரு கறுப்புக் கோடு திருச்சானூர் பக்கம் கிளம்பிப்போய், லாட்ஜுக்குப் பின்னால் தினமும் குப்பை கொளுத்தும் ஒரு முதலாளியைக் கணக்காகக் கண்டுபிடித்தது. கடல் உப்பு கிழக்கே பழவேற்காட்டைப் பார்த்துப் போயிற்று. ராஜஸ்தான் பாலைவனத்து மண் வடமேற்காகப் புறப்பட்டது, அதற்கு நாலு நாள் பயணம். இந்த இரண்டைப் பொறுத்தவரை இயக்குநர் எழுதியது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முனிரத்தினத்தின் துண்டிலும் ஒரு சிட்டிகை கரி வந்து ஒட்டியது. அவர் அதை மோந்து பார்த்தார். "இது நம்புள்துதான். தை மாசம் கரும்புத் தோகை கொளுத்தனேன்," என்றார். அம்சவேணியின் துப்பட்டா ஓரத்தில் அவள் ஸ்கூட்டருடைய பங்கு இருந்தது. அதை அவள் அன்றைக்கே நிறுத்து நோட்டில் எழுதினாள்.

பைகளில் மிஞ்சியது நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வெள்ளைத் தாள். நறுக்கிய மூலை தவிர, வாங்கிய அன்று இருந்ததைப்போல இருந்தன. அவற்றை அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முப்பதாவது தாளோடு பார்ப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆராய்ச்சி என்று காட்ட இனி அவளிடம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் தணிகைவேல் மையத்துக்கு வந்தார். எப்போதும் அவர் காருக்கு முன்னால் இரண்டு கார் வரும், அன்று ஷேர் ஆட்டோவில் வந்தார். கழற்றிப் போட்ட சட்டையை விட்டுவிட்டுத் தூசு அடுத்த சட்டைக்கு மாறிவிடுவதாகச் சொன்னார்.

"ஒம்பது சட்ட மாத்திட்டேன்மா. குளிச்சாலும் போவல. வீட்டுல சோத்த வாசல்லயே வெச்சிட்டு உள்ள போயிடறா."

"நாங்க பன்னெண்டு வருஷமா துன்னுகினு கீறோம் சார்," என்றாள் சபீனா. "உங்களுக்கு மூணு நாள்லயே கசந்துபோச்சா?" பிறகு அம்சவேணியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, இன்னா பாத்துகினு நிக்கிற? சட்டைய நிறு."

அவர் கொண்டுவந்த புதுச் சட்டையை முதலில் நிறுத்தார்கள். அதை அவர் போட்டுக் கழற்றிய பிறகு மறுபடி பெரிய தராசில் வைத்தார்கள். எங்கும் நிற்காத தூசு தராசில் மட்டும் அசையாமல் இருந்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அதற்குத் தராசின்மேல் ஒரு மரியாதை. வித்தியாசம் நூற்று நாற்பது புள்ளி ஆறு கிராம். முன்னூற்று எண்பதில் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு. அம்சவேணி மூன்று தடவை வகுத்துப் பார்த்தாள். பிறகு தாளும் பென்சிலும் போதாமல் சபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாலைக்குள் சுரேஷ்பாபுவின் சஃபாரியும் தராசேறியது. பத்தொன்பது கிராம், ஐந்து பங்கு.

"இது எப்பம்மா போவும்?" என்று கேட்டார் தணிகைவேல்.

"தெரியாதுங்க. கிரஷருக்குக் கொட்டாய் போட்டு மூடுங்க, கல்லு மேல தண்ணி அடிங்க. ரெண்டு வாரம் கழிச்சி நிறுத்துப் பாப்போம்."

இரண்டு வாரத்தில் முப்பது கிராம் குறைந்தது. இரண்டாவது கிரஷருக்கான சான்றிதழைத் தணிகைவேல் தானே திருப்பிக் கொடுத்தார். அது இருந்த சட்டைப்பையிலும் தூசு புகுந்து எழுத்தை மறைத்துவிட்டிருந்தது. வேறு எழுதித் தரலாம் என்று சுரேஷ்பாபு பேனாவைத் திறந்தபோது மையோடு கரியும் சேர்ந்து வந்தது. அவர் பேனாவை மூடினார். மறுநாள் மையத்துக் கூரையில் சோலார் தகடு மாட்ட ஆள் வந்தது. ஃப்ரீசரிலிருந்து இளநீர் இறங்கியது.

அதிலிருந்து தினமும் காலை பத்து நாற்பதுக்கு, முந்தின நாள் வடிதாளில் பிடிபட்ட தூசு, அம்சவேணி நிறுத்து எழுதி முடித்ததும், கிளம்பி அவரவர் வீட்டுக்குப் போகிறது. இரண்டு மாவட்டத்திலும் இதற்குத் தகுந்தபடி பழகிக்கொண்டார்கள். இஸ்திரிக்கடைகள் பதினோரு மணிக்குத் திறக்கின்றன. திறப்பு விழாக்களை மாலைக்கு மாற்றிவிட்டார்கள். பெண் கேட்டு வருகிறவர்களை நாகலாபுரத்தில் பத்து நாற்பத்தைந்து வரை உட்காரவைத்து காபி கொடுக்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கொஞ்ச நாள் பழுப்புக்கு மாறிப் பார்த்தார்கள். பிறகு, பத்து நாற்பதுக்கு வெள்ளைச் சட்டையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்குத்தான் ஓட்டு என்று ஆனதும், செங்கல் சூளைகளின் புகைபோக்கிகள் தாமாகவே உயர்ந்தன. முனிரத்தினம் தோகையைக் கொளுத்தாமல் மட்கவிட்டார். கடலைச்செடி பச்சையாக நின்றதைக் காட்ட ஊராரைக் கூப்பிட்டார். கடலைச்செடி பச்சையாகத்தானே இருக்கும் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

2024 நவம்பரில், மூன்று நாள் மழை விட்ட மறுநாள், பத்து நாற்பதுக்கு மையத்தில் எல்லோரும் வழக்கம்போல மாடியைப் பார்த்தார்கள். தாளிலிருந்து ஒரு சிறு வெள்ளைக்கீற்று எழுந்து, யாரையும் தேடாமல், நேராகக் கிழக்கே கடலைப் பார்த்துப் போயிற்று. வேறு எதுவும் கிளம்பவில்லை. சுரேஷ்பாபு அன்றைய ஏட்டை வாங்கி, பேனாவைத் திறந்து உதறிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பச்சை மையில் 'மூலம்: இயற்கை' என்று எழுதினார். அம்சவேணி அதை இரண்டு தடவை படித்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.